மாண்டூவா, சைடிபியா, இக்ராவா? வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் மற்றவர்களுக்கு எந்தச் சோதனை

கடலூர் முதுநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவரின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியாகி மாத்திரை தொடங்கியாயிற்று. அதே வீட்டில் சர்க்கரை நோயுள்ள மனைவி, விசைப்படகில் தொழிலுக்குப் போகும் மகன், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கும் மருமகள், அவர்களுடைய 3 வயதுப் பையன், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், மூட்டுவாதத்துக்குப் பல மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவரும் தாயார். ஆறு பேருக்கும் ஒரே சோதனைச் சீட்டை எழுதிக் கொடுத்துவிடலாம். அப்படி எழுதினால் குறைந்தது மூன்று பேருக்கு அது பொருந்தாது.

எந்தச் சோதனைக்கும் முன்னால் அறிகுறி கேட்க வேண்டும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை: இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் தோல் சோதனையை ஒதுக்கிவைத்துவிட்டு நெஞ்சு எக்ஸ்ரேக்கும், சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் சோதனைக்கும் அனுப்புங்கள். கீழே பேசப்போகும் மூன்று சோதனைகளும் (மாண்டூ, சைடிபி என்ற தோல் ஊசிகள், இக்ரா என்ற ரத்தச் சோதனை) கேட்பது ஒரே கேள்விதான்: இந்த உடம்பில் காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்து நினைவு வைத்திருக்கும் டி அணுக்கள் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) உண்டா? கிருமி இப்போது தூங்குகிறதா, நுரையீரலை அரிக்கிறதா என்பதை இவற்றில் ஒன்றும் சொல்லாது. புதிதாகக் காசநோய் கண்டறியப்பட்டவர்களிலேயே 10 முதல் 25 சதவீதம் பேருக்கு மாண்டூ எதிர்மறையாக வருவதுண்டு. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் டிபி ஐஜிஜி, ஐஜிஎம் சோதனைகள் வேறு வகை. அவை நம்பத்தக்கவை அல்ல என்பதால் 2012-இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டன. யாராவது இன்னும் எழுதிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

நோய் இல்லை, ஆனால் தொற்று இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது தடுப்பு சிகிச்சை: தினமும் ஐசோநியாசிட் 6 மாதம், அல்லது ஐசோநியாசிடும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை 12 வாரம். தொற்று உள்ளவர்களில் வாழ்நாளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு நோய் வெளிப்படும். அதில் ஏறக்குறைய பாதி, தொற்றிய முதல் இரண்டு ஆண்டுக்குள். வீட்டில் நோயாளி இருக்கும்போது சோதனைக்கு அவசரம் காட்டுவது இதனால்தான்.

தோலுக்குள் என்ன நடக்கிறது

மாண்டூ சோதனையில் போடுவது பி.பி.டி., அதாவது காசநோய்க் கிருமியை வளர்த்து அந்தத் திரவத்திலிருந்து பிரித்தெடுத்த புரதக் கலவை. 0.1 மி.லி. தோலுக்குள் போனதும் முதல் சில மணி நேரத்தில் ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். ஊசி குத்திய காயத்துக்கே அவை வரும், யாருக்கும் வரும். அன்று சாயங்காலமே கை சிவந்துவிட்டது என்று பதறி வருபவரிடம் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் தோலிலுள்ள டென்ட்ரிட்டிக் அணுக்களும் மேக்ரோஃபேஜ்களும் அந்தப் புரதத்தை விழுங்கித் துண்டாக்கி, துண்டுகளைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகின்றன. ரத்தத்தில் சுற்றிவரும் நினைவு சிடி4 டி அணுக்களில் அந்தத் துண்டை அறிந்தவை வெகு சில. அவற்றில் ஒன்றிரண்டு அங்கே வந்து அடையாளம் கண்டுகொண்டால் இன்டர்ஃபெரான்-காமா, டி.என்.எஃப். என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. பக்கத்து ரத்த நாளங்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ஏறக்குறைய 12 மணி நேரத்திலிருந்து டி அணுக்களும் மோனோசைட்டுகளும் நாளங்களைச் சுற்றிக் குவியத் தொடங்குகின்றன. குவிபவற்றில் பெரும்பாலானவைக்குக் காசநோயைத் தெரியவே தெரியாது. அறிந்த சில அணுக்கள் கூப்பிட, கூட்டமாக வந்து சேர்ந்தவை அவை. நாளங்களிலிருந்து கசியும் ஃபைப்ரினோஜன் என்ற உறைவுப் புரதம் வெளியே ஃபைப்ரினாக உறைகிறது. அணுக்கூட்டமும் இந்த உறைவும் சேர்ந்ததுதான் விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பு. 48 முதல் 72 மணி நேரத்தில் அது உச்சத்தில் இருக்கும்.

சிவப்பை அளக்கக் கூடாது, தடிப்பை மட்டும் அளக்க வேண்டும் என்ற விதிக்குக் காரணம் இதுதான். சிவப்பு வெறும் நாள விரிவு. தடிப்பு, டி அணுக்களின் வேலை. இந்தச் சங்கிலியில் எங்கே கண்ணி அறுந்தாலும் தடிப்பு வராது. தட்டம்மை போன்ற வைரஸ் தொற்று, கடும் ஊட்டச்சத்துக் குறைவு, எச்.ஐ.வி.யால் சிடி4 எண்ணிக்கை சரிந்த நிலை, ஸ்டீராய்டு, டி.என்.எஃப். தடுப்பு ஊசி: எல்லாம் இந்தச் சங்கிலியை வெவ்வேறு இடத்தில் அறுப்பவை. எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசியும் தற்காலிகமாக அடக்கும். ஆகவே மாண்டூவை அதே நாளில் போடுங்கள், இல்லையென்றால் 4 முதல் 6 வாரம் பொறுங்கள்.

தொற்றிய உடனே நினைவு அணுக்கள் உருவாகிவிடுவதில்லை. அதற்கு 2 முதல் 8 வாரம் ஆகும். நோயாளியோடு கடைசியாகக் கலந்து பழகிய நாளிலிருந்து 8 வாரம் ஆகுமுன் வந்த எதிர்மறை முடிவை முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாண்டூவின் பலமும் நம் ஊரின் சிக்கலும்

பி.பி.டி. ஒரு கலவை என்பதே அதன் பலவீனம். அதிலுள்ள புரதங்கள் பல பி.சி.ஜி. தடுப்பூசியிலுள்ள கிருமியிலும் உண்டு, காசநோய்க் கிருமிக்கு உறவாக மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் சாதாரண மைகோபாக்டீரியங்களிலும் உண்டு. அவற்றைச் சந்தித்த டி அணுவும் தடிப்பை எழுப்பும். தமிழ்நாட்டின் வடகடலோரத்துக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரியவந்தது. அதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம், அந்த மக்களில் பெரும்பாலோர் சுற்றுப்புற மைகோபாக்டீரியங்களை ஏற்கெனவே சந்தித்திருந்தார்கள் என்பது. 6, 8 மி.மீ. தடிப்புகளை நாம் சந்தேகத்தோடு பார்ப்பதும், எல்லைக்கோட்டை 10 மி.மீ. என்று வைத்திருப்பதும் இதனால்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 5 மி.மீ. போதும். நாளொன்றுக்கு 15 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கும் அதே 5.

பி.சி.ஜி. பற்றி ஒரு பயம் பரவலாக இருக்கிறது: கையில் தழும்பு இருந்தால் மாண்டூ வீண் என்று. அது மிகை. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி.யின் தாக்கம் ஆண்டுகள் போகப் போகத் தேய்ந்து, பத்து ஆண்டுக்குப் பிறகு மிகக் குறைவாகிவிடும். 13 வயதுப் பெண்ணுக்கு 16 மி.மீ. தடிப்பு வந்தால் அதைத் தழும்பின் தலையில் கட்டிவிட முடியாது, அதுவும் அப்பாவுக்குச் சளியில் கிருமி இருக்கும்போது.

இதைவிடப் பெரிய பிழை மருந்தின் வீரியத்தில் நடக்கிறது. ஆர்.டி.23 வகை பி.பி.டி. என்றால் 0.1 மி.லி.யில் 2 யூனிட் இருக்க வேண்டும். அதுதான் வேறு நாடுகளில் பயன்படும் பி.பி.டி.-எஸ் வகையின் 5 யூனிட்டுக்கு ஏறக்குறைய ஈடானது. மருந்துக் கடையில் 5 யூனிட், 10 யூனிட் வயல்களும் (மருந்துக் குப்பிகள்) கிடைக்கின்றன. 10 யூனிட்டைப் போட்டு 10 மி.மீ. எல்லையை வைத்துப் படித்தால், காசநோயே தொற்றாதவருக்கும் நேர்மறை வரும். வீரியத்தைக் கூட்டினால் சோதனை கூர்மையாகாது. சுற்றுப்புறக் கிருமிகளை அறிந்த டி அணுக்களும் சேர்ந்து விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சீட்டில் மில்லிமீட்டர் மட்டும் இருந்து யூனிட் எழுதப்படாமல் இருந்தால் அந்தச் சீட்டு பாதிச் சீட்டு.

ஊசி போடும் கையும் படிக்கும் கையும்

இடது முன்கையின் உட்புறம், முழங்கை மடிப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே. புண், பச்சை குத்திய இடம், வெளியே தெரியும் ரத்த நாளம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச், 26 அல்லது 27 கேஜ் ஊசி. ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, தோலோடு ஒட்டிய 5 முதல் 15 டிகிரி சாய்வில் நுழைக்க வேண்டும். சரியாகப் போட்டால் 6 முதல் 10 மி.மீ. அகலத்தில் வெளிறிய கொப்புளம் எழும்பும். எழும்பவில்லை என்றால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது. அங்கே ரத்த ஓட்டம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும், தடிப்பு சிறுத்துவிடும். 5 செ.மீ. தள்ளியோ மறு கையிலோ உடனே திரும்பப் போட்டு, எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று எழுதிவையுங்கள்.

வயலை 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். உறையக் கூடாது. முகாமுக்குப் போகும்போது காலையிலேயே இருபது சிரிஞ்சில் ஏற்றி டப்பாவில் அடுக்கிக்கொண்டு போகும் வழக்கம் மிகக் கெட்டது. டியூபர்குலின் புரதம் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். மதியம் போடும் சிரிஞ்சில் வீரியம் குறைந்துபோயிருக்கும்.

படிக்கும்போது கையைச் சற்று மடக்கிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பால்பாயின்ட் பேனா முறை நல்லது: தடிப்புக்கு 1, 2 செ.மீ. வெளியிலிருந்து மையத்தை நோக்கி மிதமாக அழுத்திக் கோடு இழுத்தால், தடிப்பின் விளிம்பில் பேனா தடுத்து நிற்கும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோட்டு நுனிக்கும் இடைப்பட்ட தூரம்தான் அளவு. கையின் நீளத்துக்குக் குறுக்காக மட்டுமே அளக்க வேண்டும். பெரும்பாலான பதிவேடுகளில் 10, 15 என்ற எண்கள் அளவுக்கு மீறி வரும், 9-உம் 11-உம் அரிதாக இருக்கும். கண் ரவுண்டாக்கிவிடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. தடிப்பு இல்லை என்றால் 0 மி.மீ. என்று எழுதுங்கள், ‘எதிர்மறை’ என்று மட்டும் எழுதாதீர்கள்.

நாள் பார்ப்பதும் சோதனையின் பகுதிதான். திங்கள், செவ்வாயில் போட்டால் படிக்கும் நாள் வார நாளாக அமையும். வியாழனில் போட்டால் சனி, ஞாயிறு. 72 மணி தாண்டி வருபவருக்கு 10-க்கு மேல் தடிப்பு இன்னும் இருந்தால் ஒரு வாரம் வரை அதை நேர்மறை என்று ஏற்கலாம். இல்லாவிட்டால் எதிர்மறை என்று எழுத முடியாது, திரும்பப் போட வேண்டும்.

சைடிபி: அதே ஊசி, வேறு புரதம்

பி.சி.ஜி. கிருமி ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்டபோது ஆர்.டி.1 என்ற மரபணுப் பகுதியை இழந்துவிட்டது. அந்தப் பகுதியில் எழுதப்பட்ட ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரண்டு புரதங்கள் காசநோய்க் கிருமியில் உண்டு, எந்த பி.சி.ஜி. வகையிலும் இல்லை. கன்சாசி, மெரினம் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான சுற்றுப்புற மைகோபாக்டீரியங்களிலும் இல்லை. புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் சைடிபி ஊசியில் இந்த இரண்டு மட்டுமே இருக்கின்றன, மொத்தம் 0.1 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் இவ்வகைத் தோல் சோதனைகளை 2022-இல் ஏற்றுக்கொண்டது.

தோலில் நடப்பது அதே நாடகம்தான்: அதே 0.1 மி.லி., அதே கொப்புளம், அதே 48 முதல் 72 மணி. விருந்தாளிப் பட்டியல் மட்டும் சுருங்கியிருக்கிறது. பொய்யாக எழும்பும் தடிப்பு குறைவதால் எல்லைக்கோட்டை 5 மி.மீ.க்கு இறக்க முடிகிறது, எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆய்வகம் வேண்டாம், ரத்தம் வேண்டாம், மாண்டூ போடத் தெரிந்த செவிலியர் போதும். காட்டுமன்னார்கோயில் பக்கமோ பாகூர் பக்கமோ உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இப்போதைக்கு இல்லை என்பது என் கணிப்பு.

கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்தியாவில் இது 18 வயது நிறைந்தவர்களுக்காக அனுமதி பெற்று வந்தது. இரண்டாவது, ஒரே குளிர்பெட்டியில் பி.பி.டி. வயலும் சைடிபி வயலும் இருக்கும் இடங்களில் நடக்கும் குழப்பம். 7 மி.மீ. தடிப்பு சைடிபியில் நேர்மறை, மாண்டூவில் எதிர்மறை. பதிவேட்டில் மருந்தின் பெயரை எழுதாமல் ‘தோல் சோதனை 7’ என்று விட்டுவிட்டால் அடுத்து வரும் மருத்துவர் குருட்டாம்போக்கில்தான் முடிவெடுப்பார். திரும்பி வந்து காட்ட வேண்டும் என்ற தொல்லையும், உடம்பு அடங்கிப்போனவருக்குத் தடிப்பே வராத தொல்லையும் இதிலும் அப்படியே இருக்கின்றன.

இக்ரா: தோலை விட்டுக் குழாய்க்கு

இக்ரா அதே ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 துண்டுகளை ரத்தத்தோடு குழாயில் கலந்து, டி அணுக்கள் எவ்வளவு இன்டர்ஃபெரான்-காமா சுரக்கின்றன என்று அளக்கிறது. குவான்டிஃபெரான் பிளஸ் வகையில் நான்கு குழாய்: எதுவும் இல்லாத நில், டிபி1, டிபி2, மைட்டோஜன். ஒவ்வொன்றிலும் 1 மி.லி. ரத்தம். டிபி1 சிடி4 அணுக்களை எழுப்பும், டிபி2 கூடவே சிடி8 அணுக்களையும். நில் அளவைக் கழித்தபின் 0.35 யூனிட்டுக்கு மேலும், நில் அளவில் கால் பங்குக்கு மேலும் இருந்தால் நேர்மறை.

நான்காவது குழாய்தான் இந்தச் சோதனையின் உண்மையான மேன்மை. மைட்டோஜன் எந்த டி அணுவையும் தட்டி எழுப்பும் பொருள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று அறிக்கை வரும். தோல் சோதனையில் 0 மி.மீ. என்பது ‘தொற்று இல்லை’ என்றும் இருக்கலாம், ‘இந்த உடம்பு பேசவே முடியாத நிலையில் இருக்கிறது’ என்றும் இருக்கலாம். தோல் அதைப் பிரித்துச் சொல்லாது, இக்ரா சொல்லும்.

கெடுவது பெரும்பாலும் ஆய்வகத்தை அடையுமுன்தான். ரத்தம் எடுத்த குழாய்களை 17 முதல் 27 டிகிரிக்குள் வைத்து, 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டரில் நிறுத்த வேண்டும். மே மாதக் கடலூரில் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் 27 டிகிரி என்பது நடக்காத காரியம். பயந்துபோய் ஐஸ் பெட்டியில் வைத்தாலும் தவறு, இந்தக் குழாய்களைக் குளிரவைக்கக் கூடாது. அளவுக் கோட்டுக்கு மேலோ கீழோ ரத்தம் போனால் முடிவு மாறும். பத்து முறை குலுக்கி உட்சுவர் முழுதும் ரத்தம் படியச் செய்ய வேண்டும், ஆனால் ஓங்கிக் குலுக்கினால் ஜெல் கலைந்துவிடும். விருத்தாசலத்தில் ரத்தம் எடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்புவதென்றால் சிறு இன்குபேட்டரை எடுக்கும் இடத்திலேயே வைத்து 16 முதல் 24 மணி நேரம் அடைத்துவிட்டு அனுப்புவது மேல். அடைகாத்த பிறகு 3 நாள் வரை குழாய் பொறுக்கும். தனியாரில் செலவு ஆயிரங்களில் போகும், தோல் சோதனைக்கு அதில் சிறு பங்குதான்.

0.35-ஐ ஒட்டிய எண்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். இன்று 0.41 வந்தவருக்கு அடுத்த மாதம் 0.28 வரலாம். 0.2 முதல் 0.7 வரையுள்ள முடிவை எண்ணோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

மாண்டூவும் இக்ராவும் முரண்படும்போது ஒன்று பொய் என்று பொருளல்ல. ஓர் இரவு அடைகாக்கும் குழாயில் முதலில் பேசுபவை, அண்மையில் கிருமியைச் சந்தித்த செயல்நினைவு அணுக்கள். தோலில் இரண்டு மூன்று நாள் அவகாசம் இருப்பதால் பழைய மைய நினைவு அணுக்களும் எழுந்து வரும் என்று கருதப்படுகிறது. ஒரே நபருக்கு இரண்டும் செய்ய வேண்டுமானால் ரத்தத்தை முதலில் எடுங்கள், அல்லது தடிப்பைப் படிக்கும் நாளுக்குள் எடுத்துவிடுங்கள். 3 நாள் தாண்டினால் பி.பி.டி.யே டி அணுக்களை உசுப்பி இக்ராவை ஏற்றிவிடும்.

இனி அந்த வீட்டுக்குப் போவோம்

3 வயதுப் பையனுக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. நோய் இல்லை என்று மருத்துவர் பார்த்து உறுதி செய்ததும் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு நோய் வேகமாக மூளைக்கும் பரவும். தடிப்புக்காகக் காத்திருக்கும் நாட்கள் வீண் நாட்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் இதே விதி.

எட்டாம் வகுப்பு மகளுக்கு 2 யூனிட் மாண்டூ. 10 மி.மீ.க்கு மேல் வந்தால் எக்ஸ்ரே பார்த்து மாத்திரை. மனைவிக்கு சைடிபி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு டி அணுக்களின் பதில் தளர்வதுண்டு, நோய் வெளிப்படும் அபாயமும் அவர்களுக்குக் கூடுதல். அவருக்கு எதிர்மறை வந்தால் 8 வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

மருமகளின் கேள்வி வேறு. மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கு ஆண்டுதோறும் சோதனை நடக்கலாம். பழைய தொற்றின் நினைவு தூங்கிப்போயிருந்தால் முதல் மாண்டூவில் தடிப்பு வராது. ஆனால் அந்த ஊசியே நினைவைத் தட்டி எழுப்பிவிடும். அடுத்த ஆண்டு பெரிய தடிப்பு வந்ததும் புதிதாகத் தொற்றியதாகத் தோன்றும். இதைத் தவிர்க்க முதல் ஆண்டிலேயே 1 முதல் 3 வாரம் இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும், அல்லது தொடக்கத்திலிருந்தே இக்ராவுக்குப் போய்விட வேண்டும். அவருக்கு இக்ராவைத்தான் சொல்வேன். புதுச்சேரியில் வேலை பார்ப்பதால் குழாய் பயணம் செய்ய வேண்டியதில்லை.

பாட்டிக்கு இரண்டும். முதலில் இக்ரா ரத்தம், அதே நாளில் தோல் ஊசி. எது நேர்மறையாக வந்தாலும் அதை ஏற்க வேண்டும். தோலில் தடிப்பு வராமல், இக்ராவின் மைட்டோஜன் குழாயும் பேசவில்லை என்றால் தொற்று இல்லை என்று எழுதக் கூடாது. ஒரே வீட்டில் சளியில் கிருமி உள்ளவரோடு இருந்தார் என்ற ஒரு காரணமே மாத்திரைக்குப் போதும். கல்லீரல் பரிசோதனையையும் அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். ரிஃபாபென்டின் ஸ்டீராய்டின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால் அவருக்கு 6 மாத ஐசோநியாசிட்தான் ஏற்றது.

மகனுக்கு மருத்துவத்தைவிடக் கடல்தான் முடிவு செய்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது என்றால் சைடிபி போட்டு மூன்றாம் நாள் கையைக் காட்டச் சொல்லலாம். மற்ற மாதங்களில் படகு ஏறினால் நாள் கணக்கில் திரும்ப மாட்டார். காட்டாத கை, போடாத ஊசிக்குச் சமம். கரைக்கு வந்த அன்றே இக்ராவுக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள். அதுவும் கிடைக்கவில்லை என்றால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததும் மாத்திரையைக் கையில் கொடுங்கள். தேசிய வழிகாட்டுதலே சோதனை கிடைக்காததைத் தடுப்பு சிகிச்சைக்குத் தடையாக வைக்கக் கூடாது என்கிறது. வாரம் ஒருமுறை மாத்திரை என்பதால், எந்தக் கிழமை கரையில் இருப்பார் என்று கேட்டு அந்தக் கிழமையைச் சீட்டின் மேலே எழுதிக் கொடுங்கள்.